பாறைக்குச் சொல்லக் கூடாத செய்தி

அத்தையை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் மனம் இளகி, பழசையெல்லாம் மறந்து, அவள் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டேன் என்று எதிர்பார்த்துப் படிக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

என் அப்பா கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்தார். எண்பதுகளில் மேற்குத் தாம்பரத்தில் இதைச் சொன்னால், "மெரினாவிலா?" என்பார்கள். இல்லை என்றால் மகாபலிபுரம் என்பார்கள். அதுவும் இல்லை, அந்தமானுக்கும் தள்ளி, கடல் நடுவில் ஒரு பாறை, அதன் மேல் வெள்ளைக்காரன் காலத்து விளக்கு என்றால் முகம் மாறிவிடும். அந்தமான் என்றால் எங்கள் தெருவுக்குத் தெரிந்தது ஜெயில் ஒன்றுதான். அந்த ஜெயிலை எப்போதோ மூடிவிட்டார்கள் என்கிற செய்தி முடிச்சூர் ரோடு வரைக்கும் வந்து சேரவில்லை.

அந்தப் பாறையை நான் பார்த்ததில்லை. குடும்பத்தை அங்கே அழைத்துப்போக முடியாது. பள்ளிக்கூடம் கிடையாது, டாக்டர் கிடையாது, குடிக்கிற தண்ணீரே மழையில் பிடித்துத் தொட்டியில் சேர்த்ததுதான். அப்பா சொல்லித்தான் எல்லாம் தெரியும். இரும்புத் தகடுகளைக் கப்பலில் கொண்டுவந்து முடுக்கிக் கட்டிய கோபுரமாம் அது. உச்சியில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி லென்ஸ். உள்ளே எரிவது, கல்யாண ஊர்வலத்தில் தூக்கிப் போவார்களே அந்தப் பெட்ரோமாக்ஸ் விளக்கின் பெரிய அண்ணன்தான். அந்தச் சின்ன வெளிச்சத்தைப் பிடித்துப் பல மைலுக்கு எறிவது லென்ஸின் வேலை. பகலில் அதைச் சுற்றித் திரை போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் வெயிலை உள்ளே இழுத்து விளக்கையே எரித்துவிடும். அப்பா விடுப்பில் வந்திருக்கும்போதுகூட விடிந்ததும் எழுந்து எங்கள் வீட்டு ஜன்னல் திரைகளை இழுத்து மூடிவிட்டுத்தான் பல் தேய்ப்பார். அம்மா பின்னாலேயே போய்த் திறந்துகொண்டு வருவாள்.

அங்கே இறங்குவதே ஒரு வித்தை. கப்பல் தூரத்தில் நிற்கும். சின்னப் படகில் பாறைக்குப் பக்கத்தில் வந்து, அலை தூக்குகிற நேரம் பார்த்துத் தாவ வேண்டும். மழைக்காலம் தொடங்கிவிட்டால் எந்தப் படகும் கிட்டே போகாது. அதனால் மார்கழியிலிருந்து சித்திரை வரைக்கும்தான் ஆள் ஏறி இறங்க வழி. அந்தக் காலத்துக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு விடுப்பு. மாற்று ஆள் வந்து இறங்க, அப்பா ஏறி வருவார். திரும்பிப் போனால் அடுத்த வருஷம்தான்.

விளக்கில் வேலை செய்கிறவர்களின் குடும்பங்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. பாறைக்குக் கெட்ட செய்தி சொல்லக் கூடாது. சொன்னால் அவரால் வர முடியுமா, இல்லை. அழ ஒரு மூலை உண்டா, அதுவும் இல்லை. பாறையைச் சுற்றி நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம், அவ்வளவுதான் இடம். அதனால் காய்ச்சல், சண்டை, பரீட்சையில் கோட்டை விட்டது, எல்லாவற்றையும் ஆள் நேரில் வந்து சாப்பிட்டு உட்கார்ந்த பிறகுதான் சொல்வார்கள். அம்மா அந்தச் சட்டத்தை விரதம் மாதிரிக் காத்தாள். அத்தை தைரியமாக ஆடியது அந்தச் சட்டத்தை நம்பித்தான்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. அப்பாவைத் தூக்கி வளர்த்தவள். கூடப்பிறந்தது அவர் ஒருவர்தான். தாம்பரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் அத்தை வீட்டுக்காரர்களுக்கு வயல் இருந்தது. வயல் மனையானதும் அவர்கள் மாடி வீட்டுக்காரர்கள் ஆனார்கள். அத்தை பையன் ஒரு மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தான், அதன் பிறகு அவன் இறங்கி நான் பார்த்ததில்லை. படிப்பும் இல்லை, வேலையும் இல்லை. என் அக்கா அவனுக்கு முறைப்பெண். அவளை அவனுக்குக் கேட்டு அத்தை தட்டோடு வந்தாள்.

அக்கா டைப்ரைட்டிங் ஹையர் முடித்து பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அதிர்ந்து பேசத் தெரியாதவள் அவள்தான். என்னைத் திட்டும்போதெல்லாம் அம்மா அவளைக் காட்டித்தான் திட்டுவாள். அப்படிப்பட்டவள் அன்றைக்கு அடுக்களையிலிருந்து வெளியே வந்து, எனக்கு இதில் இஷ்டமில்லை அத்தை என்று நேராகச் சொல்லிவிட்டாள். அத்தை சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எல்லாம் நல்லபடியாக முடிந்ததென்று அம்மா நினைத்தாள். நான் அந்தச் சிரிப்பை நம்பவில்லை.

அடுத்த ஆவணியில் குரோம்பேட்டையிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. பையன் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அக்காவுக்கும் பிடித்திருந்தது, அவள் அதைச் சொல்லவில்லை என்றாலும் அந்த வாரம் பூராவும் பாட்டு முணுமுணுத்தபடி துணி மடித்தாள். நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள். அப்பா வர வழியில்லை, கடல் மூடிக் கிடந்த நேரம். ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் அப்பா இடத்தில் உட்கார்ந்து தாம்பூலம் மாற்றுவதாக ஏற்பாடு. பையன் வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். பெண்ணின் அப்பா எங்கே என்று கேட்டார்கள், லைட்ஹவுஸ் என்றோம். தலையாட்டினார்கள். பையனுடைய அம்மா கை கழுவப் பின்கட்டுக்குப் போனாள். அத்தை சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

திரும்பி வந்தபோது அந்த அம்மாள் முகம் வேறாக இருந்தது. ஐயர் நேரம் சரியில்லை என்கிறார், இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார்கள். கொண்டுவந்த பழத்தட்டோடு எழுந்து போனார்கள். அக்கா பட்டுப்புடவையோடு உட்கார்ந்தபடியே இருந்தாள். தரகர் இரண்டு நாள் கழித்து வந்து அம்மாவிடம் விஷயத்தைக் கக்கினார். பெண்ணின் அப்பா அந்தமானில் ஜெயிலில் இருக்கிறார், கௌரவத்துக்காக லைட்ஹவுஸ் என்று சொல்கிறார்கள் என்று பின்கட்டில் வைத்துச் சொன்னது எங்கள் வீட்டு ஆளேதானாம். அது யார் என்று பையனின் அம்மா சொல்லவில்லையாம். சொல்ல வேண்டிய அவசியமும் எங்களுக்கு இல்லை.

அம்மா அழுதாள். நான் அத்தை வீட்டுக்குப் போய் நாலு கேள்வி கேட்கிறேன் என்று கிளம்பினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, விட்டுத் தள்ளுடி, அவங்களும் நம்ம வீட்டு மனுஷங்கதானே என்றாள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவளைப் பொறுமைசாலி என்று மெச்சினார்கள். பொறுமையை மெச்சுகிறவர்கள் யாரும் தங்கள் பையனுக்கு அவளைக் கேட்கவில்லை. ஒரு தடவை நின்றுபோன நிச்சயம், கூடவே ஜெயில் என்கிற சொல், இரண்டும் சேர்ந்து தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் என்று ஊர் ஊராகச் சுற்றின. கடைத்தெருவில் என்னிடமே ஒருத்தி, உங்கப்பாவுக்கு எப்பம்மா விடுதலை என்று அனுதாபமாகக் கேட்டாள். அப்பாவுக்கு எதுவும் தெரியாது. இடம் சரிப்படவில்லை என்று மட்டும் அம்மா சொல்லியிருந்தாள். அடுத்த விடுப்பில் அவர் வந்தபோதும் அவள் வாயைத் திறக்கவில்லை. கூடப்பிறந்தவளைப் பற்றி எப்படிச் சொல்வது என்றாள். எனக்கு அம்மா மேலும் கோபம் வந்தது.

நான் காத்திருந்தேன். காத்திருக்கிற காலத்தில் நான் கல்லூரியில் சேர்ந்தேன், சுடிதாருக்கு மாறினேன், இந்தி டைப்ரைட்டிங்கூடக் கற்றுக்கொண்டேன். எதைச் செய்தாலும் அத்தையின் முகம் கண் முன்னால் நின்றது. அவள் தடுக்கி விழுவது மாதிரி நினைத்துப் பார்ப்பேன், மனசுக்கு இதமாக இருக்கும். கோயிலுக்குப் போனால் எல்லோருக்கும் நல்லது வேண்டிக்கொண்டு அவளை மட்டும் விட்டுவிடுவேன். சில நாள் அவளையும் சேர்த்துக்கொள்வேன், அது நல்லதுக்கு அல்ல.

எனக்கான நாள் ஒரு கார்த்திகை மாதத்தில் வந்தது. அத்தை பெண்ணுக்கு வரன் குதிர்ந்தது, தையில் முகூர்த்தம். பெரிய இடம். மாப்பிள்ளை வீட்டார் சடங்கு சம்பிரதாயத்தில் கறாரானவர்கள். பெண்ணுக்குத் தாய்மாமன் மாலை போட்டு மணவறைக்கு அழைத்து வர வேண்டும், சொந்தத் தாய்மாமன்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சொந்தத் தாய்மாமன் என்றால் என் அப்பா.

அதே சமயம் அக்காவுக்கும் ஒரு இடம் வந்திருந்தது. பையனுக்கு வடக்கே வேலை, சித்திரையில்தான் லீவில் வருவான். அவர்கள் காதுக்கும் ஜெயில் கதை எட்டியிருந்தது. ஆனால் நியாயமான மனிதர்கள். பெண்ணின் அப்பாவை ஒரு தடவை நேரில் பார்த்துப் பேசிவிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றார்கள். அப்பாவுக்கு விடுப்பு ஒன்றுதான். தையில் வந்தால் சித்திரையில் வர முடியாது. சித்திரை போனால் அக்காவுக்கு இந்த இடமும் போகும்.

அம்மா இதை அத்தையிடம் கெஞ்சிக் கேட்டாள். அத்தை, உன் பொண்ணுக்கு இன்னும் வயசிருக்கு, என் பொண்ணுக்கு நாள் குறிச்சாச்சு என்றாளாம். அதோடு நிற்கவில்லை. தம்பியிடம் நானே பேசிக்கொள்கிறேன், சனிக்கிழமை உன் சின்னப் பெண்ணை என்னோடு அனுப்பு என்றாள். அத்தை கேட்டு அப்பா மாட்டேன் என்று சொன்னதில்லை.

பேசுவது என்றால் போனில் அல்ல. பாறைக்கு ஏது போன். துறைமுகத்துப் பக்கம் இருந்த ஆபீஸில் ஒரு வயர்லெஸ் அறை உண்டு. சனிக்கிழமை காலையில் அலுவல் பேச்சு முடிந்ததும், அங்கே இருந்த ஆபரேட்டர் குடும்பத்துக்காரர்களைச் சில நிமிஷம் பேச விடுவார். ரிசீவரில் ஒரு பொத்தான். அமுக்கினால் வயர்லெஸ் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும், நாம் பேசலாம். விட்டால் அப்பா பேசுவது கேட்கும். ஒவ்வொரு தடவையும் பேசி முடித்ததும் ஓவர் சொல்ல வேண்டும். இதில் ரகசியம் என்பதே கிடையாது. ஒரே அலைவரிசையில் எத்தனை விளக்குகள் உண்டோ அத்தனை பேரும் கேட்பார்கள். தனியாகக் கிடக்கிற ஆண்களுக்கு அதுதான் நாடகம், அதுதான் சினிமா. எனக்குக் கணக்கில் குறைந்த மார்க்குக்கு எங்கோ ஒரு தீவிலிருந்து முன்பின் தெரியாத ஒரு மாமா ஆறுதல் சொல்லியிருக்கிறார்.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பீச் ஸ்டேஷன் வரைக்கும் அத்தை தன் சம்பந்தி வீட்டுப் பெருமையையே பேசினாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, விரல்களில் மோதிரம். தம்பி இவளைப் பார்க்கப் போவதில்லை, குரலைத்தான் கேட்கப் போகிறார் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. நான் பொத்தான் விஷயத்தை ரயிலிலேயே விளக்கினேன். எனக்குத் தெரியாததையா நீ சொல்லப்போறே, எங்க வூட்ல போன் கீது என்றாள்.

எங்கள் முறை வந்தது. அத்தை ரிசீவரை வாங்கி, கட்டைவிரலால் பொத்தானை அமுக்கி, தம்பி, நான் உன் அக்கா பேசறேன் என்று ஆரம்பித்தாள். கல்யாணச் செய்தியைச் சொன்னாள். நீ வரலைன்னா என் மானம் போய்டும், நான் தூக்கி வளத்த கை இது என்று குரல் தழுதழுக்கச் சொன்னாள். ஓவர் என்று நான்தான் ஞாபகப்படுத்தினேன். அப்பா பேசினார். சித்திரையில் பெரியவளுக்காக வரலாம் என்றிருந்ததாகவும், தன் அக்கா இவ்வளவு சொல்லும்போது தட்ட முடியவில்லை என்றும், தையில் வருவதாகவும் சொன்னார். என் அக்காவின் வாழ்க்கை அந்தக் கரகரப்பில் கரைந்து போனதை நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அத்தை மறுபடி பொத்தானை அமுக்கி, மகராசனா இருப்பா என்றாள். ஓவர் சொல்லவில்லை. ரிசீவரைக் கீழேயும் வைக்கவில்லை. வீட்டு போனில் ஓவரும் கிடையாது, பொத்தானும் கிடையாது, அந்தப் பழக்கம். ரிசீவரை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மோதிரம் போட்ட கை அதை இறுக்கிப் பிடித்திருந்தது. கட்டைவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நான் அதைப் பார்த்தேன். ஆபரேட்டரும் பார்த்தார். அவர் என்னைச் சின்ன வயதிலிருந்து அந்த அறையில் பார்த்து வருகிறவர். வாய் திறக்கப் போனவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, டீ கிளாஸை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

நான் அத்தைக்குப் பக்கத்தில், மடிக்குப் பக்கத்தில், நெருங்கி உட்கார்ந்தேன். மெதுவாகக் கேட்டேன்.

"அப்ப சித்திரையில அக்காவைப் பார்க்க வர்றவங்களுக்கு யாரைக் காட்டுறது அத்தை?"

"வந்தா பாத்துக்கலாம். ஜெயில்ல கீறவன் பொண்ணைப் பாக்க எவன்டி வருவான்?"

"எங்கப்பா ஜெயில்ல இருக்கார்னு யார் சொன்னது?"

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். ரயிலில் வரும்போதே அவளுக்குச் சந்தோஷம் தலைக்கேறியிருந்தது, இப்போது ஜெயித்தும் ஆயிற்று. ஒளிக்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

"நான்தான் சொன்னேன். இப்ப இன்னான்ற? என் புள்ளைய வேணான்னு மூஞ்சில அடிச்சா மாதிரி சொன்னா இல்ல உங்க அக்கா? கெடக்கட்டும் வூட்டோட. போய் உங்கப்பன்கிட்ட சொல்லேன். பாறை மேல குந்திகினு கீறான், அங்கேர்ந்து இன்னா பண்ணுவான்?"

நான் கையை நீட்டி அவளுடைய கட்டைவிரலைப் பிடித்துப் பொத்தானிலிருந்து தூக்கினேன். சிவப்பு விளக்கு அணைந்தது. பெட்டி இரைந்தது. வழக்கமாக இந்த இடத்தில் யாராவது குறுக்கே புகுந்து ஏதாவது சொல்வார்கள். அன்றைக்கு எந்த விளக்கிலிருந்தும் ஒரு சத்தமும் வரவில்லை. அத்தை பெட்டியைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். புரிந்துகொண்ட அந்தக் கணத்தை நான் எத்தனை வருஷமாக வேண்டிக்கொண்டிருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். நான் கண்ணை எடுக்கவில்லை.

அப்பா குரல் வந்தது. அவர் கோபமாகப் பேசி நான் கேட்டதில்லை, அன்றும் அவர் கோபமாகப் பேசவில்லை.

"அக்கா, நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு. இங்க எல்லா ஸ்டேஷனுக்கும் கேட்டிருக்கும். ஜெயில்ல இருக்கிறவன் எப்படி வந்து மாலை போடறது? தையில நான் வரல. சித்திரையில என் பொண்ணுக்காக வரேன். ஓவர்."

அத்தை ரிசீவரை வாயருகே கொண்டுபோய், தம்பி, தம்பி, நான் அப்படிச் சொல்லலடா என்று கதறினாள். மன்னிச்சிடுடா என்றாள். பூ அவிழ்ந்து தோளில் விழுந்தது. இந்தத் தடவை அவள் பொத்தானை அமுக்கவே இல்லை. ஒரு சொல்லும் அந்த அறையைத் தாண்டிப் போகவில்லை. அமுக்கிப் பேசுங்கள் அத்தை என்று நான் சொல்லவில்லை. அவள் ஓய்ந்த பிறகு ரிசீவரை வாங்கி, சரிப்பா, நாங்க காத்துட்டிருக்கோம், ஓவர் என்று மட்டும் சொல்லிவிட்டு ஆபரேட்டரிடம் கொடுத்தேன்.

திரும்பும்போது அத்தை வேறு பெட்டியில் ஏறிக்கொண்டாள். அவள் பெண்ணுக்குத் தையில் கல்யாணம் நடந்தது. கடைசி நேரத்தில் யாரோ தூரத்து உறவைப் பிடித்து மாலை போடவைத்தார்கள். சொந்தத் தாய்மாமன் எங்கே என்று மாப்பிள்ளை வீட்டார் பந்தலிலேயே கேட்டார்கள். லைட்ஹவுஸில் டூட்டி என்று அத்தை சொன்னாள். அவர்கள் நம்பினதாகத் தெரியவில்லை. நான் முன்வரிசையில் உட்கார்ந்து அதையும் கேட்டேன், பந்தியில் பாயசம் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். சித்திரையில் அப்பா வந்தார். வடக்கே வேலை பார்த்த மாப்பிள்ளையின் வீட்டார் வந்து அவரோடு அரைமணி பேசிவிட்டு, அன்றைக்கே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். இதெல்லாம் பின்னால் நடந்தவை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அக்கா முற்றத்தில் துணி காய்ந்ததை எடுத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். பாறைக்குக் கெட்ட செய்தி போய்விட்டதே என்று திட்டுவாள், அத்தை பாவம் என்பாள் என்று எதிர்பார்த்து, பதிலுக்கு நாலு வார்த்தையைத் தயாராக வைத்துக்கொண்டுதான் சொன்னேன். அக்கா கையை நிறுத்தவில்லை. கொடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டே இருந்தாள். கடைசித் துணியை எடுத்த பிறகு கேட்டாள்.

"அழுதாங்களா?"

"அழுதாங்க."

"நல்லா அழுதாங்களா?"

ஆமாம் என்றேன். அக்கா துணிகளை அப்படியே தரையில் போட்டுவிட்டு என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"முதல்லேர்ந்து சொல்லு," என்றாள். "ஒண்ணையும் விடாம, மெதுவா சொல்லு."